செம்பனைப் பட்டணத்தில் புதுக்குடித்தனம்: கைமருந்தும் கஞ்சியும் மூன்று நாள் கையிருப்பும்

இந்தப் பக்கத்துக்குப் புதிதாகக் குடிவரும் குடும்பங்கள் வாடகை எவ்வளவு, தமிழ்ப்பள்ளி எங்கே இருக்கிறது, கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்கின்றன. மழை பிடித்தால் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து ஏறும் என்று கேட்பவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். நான் இருப்பது மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் வட்டாரத்தில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்கு நடுவே ஒரே ஒரு கடைத்தெருவைக் கொண்ட சிறு பட்டணம். பெரிய மருத்துவமனைக்குக் காரில் அரை மணிக்கு மேல் ஆகும். சாலையில் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த அரை மணி அரை நாளாகும், சில சமயம் மறுநாள்கூட ஆகும். ஆகவே இங்கே குடித்தனம் நடத்துகிறவர்கள் இரண்டு காரியங்களில் தெளிவாக இருக்க வேண்டும். வெளியுதவி இல்லாமல் மூன்று நாள் சமாளிக்க வேண்டியவை வீட்டிலேயே இருக்க வேண்டும். கைவைத்தியம் எந்த இடத்தில் முடிகிறது, ஆஸ்பத்திரி எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில்: வீட்டைச் சுற்றி விசாரித்தல்

சாமான்களை அடுக்கி முடித்த வாரத்திலேயே அக்கம்பக்கத்தில் நீண்டகாலம் இருக்கும் ஒருவரிடம், 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். 2011 ஜனவரியிலும் 2023 மார்ச்சிலும் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சுவரில் எத்தனை முறை சாயம் பூசினாலும் கதவுக்குப் பின்புறமோ மீட்டர் பெட்டிக்குக் கீழேயோ மங்கலான பழுப்புக் கோடு ஒன்று எஞ்சியிருக்கும். அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு முழம் உயரத்தில்தான் உங்கள் அரிசியும் மருந்தும் பத்திரங்களும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் 2023 மார்ச்சில், பருவமழைதான் முடியப்போகிறதே என்ற நினைப்பில் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தரையிலேயே விட்டிருந்தோம். ஒரே இரவில் அது முழுவதும் சேற்று நீரில் ஊறிப்போனது. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிப்பது. மார்ச் மாதத்தையும் மழை மாதமாகவே எண்ண வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் நாங்கள் உணர்ந்தோம்.

ஆறுகளின் நீர்மட்டத்தை நீர்ப்பாசன வடிகால் துறை தன் இணையத்தளத்தில் நேரத்துக்கு நேரம் வெளியிடுகிறது. சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலைகள் அதில் உண்டு. எச்சரிக்கை நிலை வந்தவுடன் மூட்டையைக் கட்டத் தொடங்குங்கள். அபாய நிலையை எட்டும்வரை காத்திருக்க வேண்டாம். அருகில் எந்தப் பள்ளிக்கூடம் அல்லது மண்டபம் துயர்துடைப்பு மையமாகத் திறக்கப்படும் என்பதையும், அங்கே தாழ்வான பாலத்தைத் தொடாமல் போகும் வழி எது என்பதையும் வெயில் காலத்திலேயே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து: மருந்துப் பெட்டி

மூடி இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். உடல் வெப்பமானி, பாரசிட்டமோல் மாத்திரை, குழந்தைகள் இருந்தால் அவர்களுக்குரிய பாரசிட்டமோல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், துணிக்கட்டு, ஒட்டுப்பட்டை, கத்தரிக்கோல், கையுறை ஆகியவை அதில் இருக்கட்டும். வீட்டில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் இருந்தால், அவர்களுடைய ஒரு வார மருந்தைத் தனியே ஒரு பையில் போட்டு, மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி அதனுடனேயே வையுங்கள். பதற்றத்தில் மருந்தின் பெயர் வாயில் வராது. துயர்துடைப்பு மையத்தில் இருக்கும் மருத்துவப் பணியாளருக்கு அந்தத் தாள் பேருதவியாக இருக்கும்.

பாரசிட்டமோலை அளவோடு தர வேண்டும். 500 மில்லிகிராம் மாத்திரையைப் பெரியவர்கள் ஒரு வேளைக்கு இரண்டு வரை சாப்பிடலாம். ஒரு நாளில் எட்டுக்கு மேல் போகக்கூடாது. குழந்தைக்கு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்தே அளவு நிர்ணயிக்கப்படுகிறது: ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். குழந்தையின் எடையைப் பென்சிலால் டப்பாவின் மூடியிலேயே எழுதி வைத்து, எடை கூடும்போது திருத்திக்கொள்ளுங்கள்.

கைமருந்து: எதற்கு, எதுவரை

வாசலில் துளசியும் கற்பூரவல்லியும் இல்லாத தமிழர் வீட்டை இந்தப் பக்கத்தில் காண்பது அரிது. அஞ்சறைப் பெட்டியில் மஞ்சள், மிளகு, சீரகம், வெந்தயம் எப்போதும் இருக்கும். ஓமம் ஒரு சிறு புட்டியில் தனியே இருக்கும். இவற்றை நான் மதிக்கிறேன், அன்றாடம் பயன்படுத்துகிறேன். தொண்டை கரகரப்புக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது, குமட்டலுக்கு இஞ்சித் தேநீர், வயிற்று உப்புசத்துக்கு ஓம நீர், சளிக்குக் கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்த சாறு ஆகியவை உடம்புக்கு இதமானவை. சாதாரணத் தடிமனும் இருமலும் தாமே குறையும்வரை நோயாளிக்கு ஆறுதல் தருபவை. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தச் சாற்றிலும் தேன் கலந்து கொடுக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் கைக்குழந்தைகளின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கடும் நோயை உண்டாக்கும். பேர்சொல்லா மருந்து என்று பாட்டிமார் சொல்லும் வசம்பை உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவும் பழக்கத்தையும் நான் விட்டுவிடச் சொல்வேன்.

நமது நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதியின் குறைவு) உண்டா என்று மருத்துவமனையிலேயே பரிசோதிக்கிறார்கள். குறைபாடு இருப்பதாகச் சொல்லப்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் துணி அலமாரியிலுள்ள பாச்சை உருண்டைகளை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். அந்த வாசனை பட்ட துணியைப் போர்த்துவதால்கூட அத்தகைய குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை வரக்கூடும். பெயர் தெரியாத மூலிகைப் பொடி எதையும் அந்தக் குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

காய்ச்சலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவரின் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார்கள். நான்காம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்ததைக் கண்டு குணமாகிவிட்டது என்று மகிழ்ந்தார்கள். அன்று மாலையே பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான், ஈறில் இரத்தம் கசிந்தது. அது டிங்கி. டிங்கியில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிவதால் இரத்த அழுத்தம் சட்டென்று வீழ்கிறது. நல்லவேளையாக அவனை உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள், பிழைத்தான்.

ஆகவே காய்ச்சல் இரண்டாம் நாளும் நீடித்தால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். தாங்க முடியாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், மூச்சுத்திணறல், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. டிங்கியாக இருக்கலாம் என்ற ஐயம் உள்ளவரை ஆஸ்பிரினோ இபுபுரோஃபெனோ கொடுக்காதீர்கள், அவை இரத்தக் கசிவை அதிகமாக்கும். பப்பாளி இலைச் சாறு கொடுத்தே தீர வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் நின்றால் அவர்களோடு வாதாடி நேரத்தைக் கழிக்காதீர்கள். நோயாளியை முதலில் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், சாற்றைப் பற்றி அங்கே மருத்துவரிடம் கேளுங்கள்.

கீழாநெல்லி விஷயத்திலும் இதே எச்சரிக்கை பொருந்தும். வெள்ளத்தில் நடந்தவருக்குச் சில நாளிலோ, ஒரு மாதத்துக்குள்ளோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்து, கண் சிவந்து பிறகு மஞ்சளானால், மஞ்சள்காமாலை என்று கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். அது எலியின் சிறுநீரால் பரவும் நோயாக இருக்கலாம். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவை, தாமதித்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். வெள்ளத்தில் இறங்கியதையோ தோட்டத்துக் கால்வாயில் வேலை செய்ததையோ மருத்துவர் கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்.

தீக்காயத்துக்குக் கீச்சாப் (சோயா சாறு), பற்பசை, முட்டை வெள்ளைக்கரு எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் தளர்வாக மூடினால் போதும். முகம், கை, மூட்டு ஆகியவற்றில் பட்ட தீக்காயத்தையும், நோயாளியின் உள்ளங்கையைவிடப் பெரிய கொப்புளத்தையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தோட்டத்துக்கே உரிய இரண்டு ஆபத்துகள்

எலி மிகுந்த செம்பனைத் தோட்டத்தில் நாகமும் மிகுந்திருக்கும். மழைக்காலத்தில் அது மேட்டு நிலத்தையும் நம் வீட்டுப் பின்கட்டையும் தேடி வரும். கடிபட்டவரை நடக்கவிடாமல் உட்காரவைத்து, மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றை உடனே கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாதபடி ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டி, 999 எண்ணுக்கு அழையுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, விஷக்கல் வைப்பது எல்லாம் கேடு செய்பவை. கடித்த நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், பாம்பைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். விஷத்தைக் கண்ணில் பீய்ச்சும் நாகமும் இங்கே உண்டு. பீய்ச்சிவிட்டால் கண்ணைக் கசக்காமல் கால் மணி நேரத்துக்குமேல் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிக்கப் பொதுத் தற்காப்புப் படையினர் வருவார்கள், அதற்கும் 999 எண்ணையே அழைக்கலாம்.

இரண்டாவது ஆபத்து களைக்கொல்லி. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நமது நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆயினும் பழைய புட்டி ஒன்று எந்தக் கொட்டகையின் மூலையில் கிடக்கும் என்று சொல்ல முடியாது. அதன் இடத்தைப் பிடித்த மற்ற மருந்துகளும் குடித்தால் ஆபத்தானவையே. குளிர்பானப் போத்தலில் களைக்கொல்லியை ஊற்றி வைப்பதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். வாடகைக்கு வந்த வீட்டின் பின்கட்டில் பெயர்ச்சீட்டு இல்லாத போத்தல் கிடந்தால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்காமல், குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு வீட்டுக்காரரை அழைத்து அகற்றச் சொல்லுங்கள். யாராவது குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மூன்று நாள் சமையல்

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டால் மூன்று நாளைக்கு 60 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒன்றரை லிட்டர் போத்தல் இருபதை மேல்தட்டில் அடுக்கிவிட்டால் பாதித் தேவை முடிந்துவிடும்; மீதியை மழை எச்சரிக்கை வந்தவுடன் மூடியுள்ள வாளிகளில் குழாயிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். கலங்கிய நீரைத் துணியில் வடிகட்டிய பிறகே காய்ச்ச வேண்டும். குமிழிகள் பொங்கிப் புரண்டு குறைந்தது ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும்.

உணவுக் கையிருப்பில் ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பாசிப்பருப்பு, சார்டின் டின்கள், நெத்திலி, அவல், பிஸ்கட், சர்க்கரை, உப்பு, புளி, தேயிலைத்தூள் இருந்தால் பசி தீர்ந்துவிடும். சமைக்காமலே சாப்பிடக்கூடியது எதுவும் கையில் இல்லாமல் இருக்கக்கூடாது. கேஸ் தோம்பு வெள்ளத்தில் மிதந்து குழாயைப் பிய்த்துக்கொண்டு போகக்கூடிய ஒன்று, ஆகவே தண்ணீர் வாசலைத் தொடுமுன்பே அதை மூடிக் கழற்றி உயரத்தில் கட்டிவிட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அவலில் சர்க்கரையும் காய்ச்சிய நீரும் தெளித்துப் பிசைந்து கொடுத்தால் குழந்தைகள் மறுக்காமல் சாப்பிடும்.

அடுப்பு எரியும் நிலையில் இருந்தால் நான் பரிந்துரைப்பது பருப்புக் கஞ்சி. ஒரு குவளை அரிசிக்குக் கால் குவளை பாசிப்பருப்பு, எட்டுக் குவளை தண்ணீர், நான்கு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு சிட்டிகை மஞ்சள் ஆகியவற்றைக் கனமான பானையில் போட்டுப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். பிறகு மூடியைத் திறக்காமல் அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு துண்டுகளாலும் ஒரு கம்பளியாலும் இறுகச் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் ஒரு மணி நேரம் வைத்துவிட்டால் அரிசி தானே குழைந்துவிடும். எரிவாயு பெருமளவு மிச்சமாகும். மீண்டும் அடுப்பில் ஏற்றி ஒரு கொதி வந்த பிறகு உப்பிட்டுப் பரிமாறுங்கள். மின்சாரம் இல்லாத நாளில் மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்காதீர்கள். பழைய சோறு எனக்கும் பிடித்தமானதுதான். ஆனால் தண்ணீரின் சுத்தத்தை நம்ப முடியாத அந்த மூன்று நாளும் அதைத் தவிர்த்துவிடுவது நல்லது. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் வரை உள்ளே குளிர்ச்சி நிற்கும். கரி அடுப்பை மூடிய அறைக்குள் பற்றவைக்க வேண்டாம், அதன் புகையில் உள்ள நச்சுவாயுவுக்கு மணமில்லை.

வெள்ளத்துக்குப் பின் வயிற்றுப்போக்கு வருவது வழக்கம், அதற்கான கரைசலை வீட்டிலேயே கலக்கப் பழகிக்கொள்ளுங்கள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்க்க வேண்டும். கரண்டியைக் குவித்து அள்ளாமல், கத்தியின் முதுகால் மேலே வழித்துச் சமப்படுத்திய அளவாக இருக்க வேண்டும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. சர்க்கரை கூடினால் போக்கு அதிகமாகும். கலக்கியபின் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனபின்பும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகத் தொடங்கலாம். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தக்கூடாது. ஒரு நாள் கடந்த கரைசலை ஊற்றிவிடுங்கள். கண் குழிவிழுந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்தாலும் மலத்தில் இரத்தம் கண்டாலும் வீட்டு வைத்தியம் அங்கே முடிந்தது.

கிளம்பும் நேரம்

மைகார்ட் (அடையாள அட்டை), பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், குழந்தையின் தடுப்பூசிப் புத்தகம், கிளினிக் அட்டை ஆகியவற்றைத் தண்ணீர் புகாத உறையில் இட்டு, கைத்தொலைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச் லைட், பவர்பேங்க், மாற்றுத்துணி, சில்லறைப் பணம், மருந்துப் பை ஆகியவை ஒரே முதுகுப்பையில் இருக்கட்டும். கிளம்புமுன் மின்சாரத்தின் தலைமை விசையை நிறுத்துங்கள். கால் ஈரமாக இருந்தாலோ தண்ணீர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டாலோ அதைத் தொடாமல் வெளியேறுங்கள். ஓடும் வெள்ளம் கணுக்காலுக்குச் சற்று மேல் இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். முழங்கால் உயரத்துக்குமேல் போனால் காரையே தூக்கிக்கொண்டு போகும். இரவில் அந்த ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாது என்பதால், கிளம்புவதென்றால் பகல் வெளிச்சத்திலேயே கிளம்புங்கள்.

திரும்பி வந்தபின் காலணியும் கையுறையும் அணிந்துகொண்டு சேற்றை வாருங்கள். வெள்ளம் பட்ட அரிசி, காய்கறி, மூடி உப்பிய டின் எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். குளோராக்ஸ் (வெளுப்புத் திரவம்) கலந்த நீரால் தரையைக் கழுவும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேறு எந்தக் கழிவறைத் திரவத்தோடும் அதைக் கலக்காதீர்கள். நனைந்த மின்சாதனங்களை மின்பணியாளர் பார்த்த பிறகே சொருகுங்கள்.

இந்தக் கையிருப்பை நாங்கள் ஆண்டுக்கு இருமுறை பிரித்துப் பார்க்கிறோம், ஒன்று சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய ஞாயிறு, மற்றொன்று தீபாவளிக்கு வீட்டை ஒட்டடை அடிக்கும் நாள். தேதி முடியப்போகும் சார்டினும் பாசிப்பருப்பும் அன்றைய சமையலுக்குப் போகும், கடையிலிருந்து புதியவை வந்து மேல்தட்டில் ஏறும். போத்தல் தண்ணீர் பழையதாகியிருந்தால் கற்பூரவல்லித் தொட்டிக்கு ஊற்றுவோம். டார்ச் லைட்டின் பேட்டரியைக் கழற்றித் துடைத்துப் போடுவது எங்கள் வீட்டின் இளைய பிள்ளையின் வேலை. மருந்துப் பெட்டியின் மூடியில் தன் எடையைத் தானே திருத்தி எழுதுவதும் அவள்தான்.